இருக்கை எங்கே?

கடையில் வேலை செய்பவர் சற்றே உட்காரலாம் என்று சொல்வதற்கு ஒரு மாநிலத்துக்குச் சட்டம் தேவைப்படுமா? தமிழ்நாட்டுக்குத் தேவைப்பட்டது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் புதிய பிரிவு 2021-இல் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் பேரவையில் முன்வைத்த திருத்த மசோதா அம்மாதமே நிறைவேறியது. வேலைக்கு நடுவே உட்காரும் வாய்ப்பு நேரும்போது உட்கார்ந்துகொள்ளும் வகையில், எல்லாப் பணியாளர்க்கும் தக்க இருக்கை ஒவ்வொரு கடையிலும் இருக்க வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம். நாள் முழுதும் உட்கார்ந்தே இருக்கலாம் என்று அது சொல்லவில்லை. வாடிக்கையாளர் வந்தால் எழுந்து கவனிக்க வேண்டியதை அது தடுக்கவுமில்லை. வேலை இல்லாத பொழுதிலும் ஒருவரை நிற்க வைக்காதே என்று மட்டுமே சொல்கிறது.

அச்சட்டத்தை எதிர்த்து வணிகர்கள் கடையடைப்பு நடத்தவில்லை. வாழ்த்தி வாடிக்கையாளர்கள் ஊர்வலம் போகவுமில்லை. எதிர்ப்பின்றி நிறைவேறும் சட்டங்கள் இருவகைப்படும். எல்லாரும் மனமார ஏற்றவை ஒருவகை. எவரும் பொருட்படுத்தாதவை மற்றொரு வகை. இது எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய ஆய்வுக் குழு எதுவும் வேண்டியதில்லை. தியாகராய நகரிலோ, மதுரை விளக்குத்தூண் அருகிலோ, கோவை ஒப்பணக்கார வீதியிலோ, நெல்லை வடக்கு ரத வீதியிலோ ஏதேனும் ஒரு ஜவுளிக்கடைக்குள் நுழைந்து ஒரு முறை சுற்றிப் பார்த்தால் போதும்.

புடவைப் பிரிவில் நீண்ட மேசை ஒன்று இருக்கும். மேசைக்கு இப்பால் வரிசையாக நாற்காலிகள், அப்பால் ஒன்றுமில்லை. “வாங்கக்கா, உட்காருங்க, என்ன ரகம் பாக்குறீங்க?” என்று நம்மை உட்காரச் சொல்பவர் அப்பால் நிற்கும் பெண். பெரும்பாலும் இருபதைத் தாண்டியும் தாண்டாத வயது. அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, உதறி, முந்தானையை விரித்து, தன் தோளிலேயே போட்டுக் காட்டுகிறார். பத்துப் புடவை, இருபது புடவை. “கரை கொஞ்சம் பெருசா இருக்கே” என்று நாம் எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விடுகிறோம். அவர் அந்த இருபதையும் பழைய மடிப்பு கெடாமல் மீண்டும் மடித்து அடுக்கில் ஏற்றுகிறார். முகத்தில் சுளிப்பில்லை, சுளிப்பு இருக்கக் கூடாது என்பது வேலையின் நிபந்தனை.

ஆயினும் நாம் காண வேண்டியது கூட்டம் மிகுந்த மாலை வேளையை அன்று. மதியம் மூன்று மணியை. உண்டு களைத்த ஊர் வீட்டில் கிடக்கும் நேரம் அது. கடையில் வாங்க வருபவர் ஒருவரும் இல்லை. அப்போதும் அப்பெண்கள் தத்தம் மேசைக்குப் பின்னே நின்றுகொண்டே இருக்கிறார்கள். ஒருத்தி உடற்பாரத்தை இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாற்றுகிறாள். இன்னொருத்தி முதுகை அடுக்கின் விளிம்பில் யாரும் அறியாமல் சாய்க்கிறாள். மேற்பார்வையாளர் திரும்பினால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. மேலே கண்காணிப்புக் கேமரா. திருடரைப் பிடிக்க வைத்த கண் என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். சாய்ந்து நின்றதைப் பிடித்துச் சம்பளத்தில் கழிக்கவும் அதே கண் பயன்பட்டதைக் கேரளத்துக் கடைப்பெண்கள் ஊரறியச் சொன்னார்கள்.

நிற்பதால் என்ன கேடு, நடந்தும் நின்றும் உழைப்பதுதானே உடலுக்கு நல்லது என்பார் உளர். நடப்பது வேறு, நிற்பது வேறு. காலிலிருந்து இரத்தம் நெஞ்சுக்கு ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து அதை மேலே தள்ள வேண்டும். நடப்பவர்க்கு அது தானே நிகழ்கிறது. அசையாமல் நிற்பவர்க்கு இரத்தம் காலிலேயே தேங்குகிறது. நாளங்களுக்குள் இரத்தம் கீழிறங்காதபடி காக்கும் சிறு தடுப்புகள் ஆண்டுக்கணக்கில் நைந்துபோகின்றன. அதன்பின் காலில் நீல நிறத்தில் முறுக்கேறிப் புடைப்பவற்றைத்தான் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறோம். பாதவீக்கமும் இடுப்பு வலியும் அதன் கூட்டாளிகள். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று சட்டம் வகுத்த வரம்பு, பண்டிகைக் காலத்துக் கடைகளில் படும் பாட்டை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு துன்பம் எதற்காக? பணியாளர் உட்கார்ந்தால் துணியின் விலை குறையுமா? முதலாளியிடம் கேட்டால் ஒரே விடைதான் வரும்: “வாடிக்கையாளர் உள்ளே வரும்போது நம் ஆள் உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது.” ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடை இது. அப்பெண் நிற்பது முதலாளிக்காக அன்று, நமக்காக. நம்முடைய மதிப்பு குன்றாதிருக்க, நாம் கேளாமலேயே, நம் பெயரால் அவள் நிற்க வைக்கப்படுகிறாள். பிறர்க்கு இழைக்கப்படும் அநீதியைக் கண்டு நாம் வருந்துவதுண்டு. அது தொலைவில், வேறு எவரோ இழைத்தது என்பதால் வருத்தம் எளிதாகிறது. இங்கே அநீதி நம் கண்முன், நமக்கு உபசாரமாகப் பரிமாறப்படுகிறது. அந்த உபசாரத்தை மறுக்காத வரையில் நாம் வெறும் பார்வையாளர் அல்லோம், பங்காளிகள்.

உட்காருவதும் நிற்பதும் இந்த நாட்டில் என்றுமே காலோடு மட்டும் நின்ற செய்தியாக இருந்ததில்லை. யார் முன் யார் உட்காரலாம், யார் எழுந்து ஒதுங்க வேண்டும், யார் தரையில் அமர வேண்டும் என்பவற்றைக் கொண்டே சாதி தன் படிகளைக் கட்டியது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பட்டியலினப் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டதும், மற்றவர்கள் நாற்காலியில் இருந்ததும் 2020 அக்டோபரில் படமாக வெளிவந்து நாடே பார்த்தது. அதன் பிறகே அரசு எந்திரம் அசைந்தது. தேர்தலும் அரசாணையும் அளித்த நாற்காலியையே பறிக்க வல்ல பழக்கம் இது. எந்தச் சங்கத்திலும் சேராத, மாதச் சம்பளத்தை ஊரிலிருக்கும் தாய்க்கு அனுப்பிவிட்டு விடுதியில் தங்கியிருக்கும் கடைப்பெண்ணுக்கு அது தானாக ஒரு முக்காலியைத் தந்துவிடும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-இல் திரைக்கு வந்தபோது அரங்கில் கண்ணீர் விட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் பலர் அடுத்த வாரமே அதே தெருவில், அதே மேசைக்கு இப்பால் உட்கார்ந்திருக்கக் கூடும்.

நம் முன்னோர் களைத்தவரை அறியாதவர் அல்லர். பழைய பெருவழிகளில் இன்றும் அங்கங்கே சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தி, தோளுயரத்துக்கு எழுப்பிய எளிய அமைப்பு. தலைச்சுமையோடு தனியே நடப்பவன், இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் பிறர் கையை எதிர்பாராமல் இளைப்பாறுவதற்காக அமைத்தது. வயிற்றுச் சுமையை இறக்காமலே மாண்டுபோன பெண்களின் நினைவாக அவற்றை நட்டார்கள். ஒரு பெண்ணின் இறக்கப்படாத பாரத்தை நினைத்து, முகமறியாத வழிப்போக்கரின் பாரத்தை இறக்கி வைக்க நினைத்த மனம் பெரிய மனம். திண்ணையும் அவ்வாறே. ஆனால் எல்லாத் திண்ணையிலும் எல்லாரும் உட்கார முடிந்ததில்லை என்பதையும், சுமைதாங்கி நின்ற எல்லா வழியிலும் எல்லாரும் நடக்க முடிந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. பழம்பெருமை பேசும்போது இந்தப் பாதியை விழுங்கிவிடுவது நம்மவர் வழக்கம்.

புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு இந்த இரண்டு பாதியையும் ஒருசேரக் காட்டுகிறது. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் வீரமுரசை நீராட்டக் கொண்டு சென்றிருக்கிறார்கள். முரசு வீற்றிருக்கும் கட்டில் மலர் பரப்பி, மென்மையாக, வெறுமையாக இருக்கிறது. வழிநடந்து களைத்து வந்த மோசிகீரனார், அது இன்ன கட்டில் என்றறியாமல் அதில் ஏறிப் படுத்து உறங்கிவிடுகிறார். முரசுகட்டிலில் ஏறியவனை வாளால் இருகூறாக்குவது அந்நாளைய முறை. அவ்வழி வந்த அரசன் வாளை ஓங்கவில்லை. அருகில் நின்று கவரி வீசினான். கண்விழித்த புலவர் பாடினார்.

தமிழுக்கு அரசர் தந்த மதிப்பின் உச்சமாக இச்செய்தியைப் பள்ளியிலிருந்தே படித்து வருகிறோம். புலவரும் அவ்வாறே பாடினார். தமிழ் முழுதும் அறிந்த தன்மைக்காகவே தம்மை அரசன் பிழைக்க விட்டான் என்று அவர் கருதினார். அதில் பிழையில்லை. எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அன்று அந்தக் கட்டிலில் களைத்து விழுந்தவர் புலவராக இல்லாமல், முரசைச் சுமந்துபோய் நீராட்டித் திரும்பிய ஏவலாளாக இருந்திருந்தால் கவரி அசைந்திருக்குமா? களைப்பு இருவர்க்கும் ஒன்றுதான். புலமையைப் பார்த்து வரும் கருணை புலமை இல்லாதவன் முன் நின்றுவிடும். நம்முடைய அன்றாட அன்பும் பெரும்பாலும் இத்தகையது. பேருந்தில் முதியவர் ஏறினால் எழுந்து இடம் கொடுக்கிறோம். வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேசுவது பாவம் என்று நினைக்கிறோம். அதே நாம், கூலி கொடுத்து ஒருவரிடம் வேலை வாங்கும் இடத்தில் மட்டும் அவருக்குக் கால் இருப்பதை மறந்துபோகிறோம். காசு கைமாறியதும் கண்ணோட்டம் கழன்றுவிடுகிறது.

கண்ணோட்டத்தை வள்ளுவர் எங்கே வைத்தார் என்பது நினைக்கத்தக்கது. இனியவை கூறலும் விருந்தோம்பலும் இல்லறத்தில் வருகின்றன. அருளுடைமை துறவறத்தில் வருகிறது. கண்ணோட்டமோ பொருட்பாலில், அரசியலில், ஐம்பத்தெட்டாம் அதிகாரமாக நிற்கிறது. அதற்கு முன்னே வரிசையாகச் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, அடுத்து ஒற்றாடல். தண்டிக்கும் அதிகாரமும் உளவறியும் அதிகாரமும் உடையவன் கைக்கொள்ள வேண்டிய பண்பாக அதை அவர் வைத்திருக்கிறார் என்றே நாம் கொள்கிறோம். எளியவன் காட்டும் இரக்கம் அவனுடைய இயல்பு. அதிகாரம் உடையவன் காட்டும் இரக்கம் அவனுடைய கடமை. கடை முதலாளிக்குத் தன் கடைக்குள் அத்தகைய அதிகாரம் உண்டு. கேமராவும் அபராதமும் அவர் கையில் இருக்கின்றன. பணப்பையோடு உள்ளே நுழையும் வாடிக்கையாளர்க்கு அம்முதலாளியின் மேலேயே ஓர் அதிகாரம் உண்டு என்பதுதான் நாம் மறந்துவிட்ட செய்தி.

இந்த உரிமை எவ்வளவு காலம் கழித்து எவரெவர்க்குக் கிடைத்தது என்று பார்த்தால் அதன் சிறுமையும் பெருமையும் விளங்கும். இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே கடைப்பெண்களுக்கு இருக்கை அளிக்கும் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது அது. மூவர் முறைவைத்து உட்கார வேண்டிய கஞ்சத்தனமான நீதிதான், ஆனாலும் நீதி. இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்று வேலை செய்யும் தொழிலாளர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்யச் சொன்னது. ஆலைத் தொழிலாளிக்கு அன்றே எழுதப்பட்ட அந்த உரிமை, அதே ஊரில் அடுத்த தெருக் கடையில் நின்றவருக்கு எழுதப்பட எழுபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. கடைத் தொழிலாளிக்கு இல்லை. வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்த இடைவெளியை இந்தியாவில் முதலில் உடைத்தவர்கள் கோழிக்கோட்டுப் பெண்கள். மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்பவர், அக்கம்பக்கக் கடைப்பெண்களைத் திரட்டிப் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது இருக்கைகூட அன்று, கழிப்பறை. கழிப்பறை இல்லாத கடைகளில், நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தே அப்பெண்கள் காலம் தள்ளினார்கள். அடுத்த கோரிக்கையாக உட்காரும் உரிமை வந்தது. திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் முன்னே ஒரு சில பெண்கள் நூறு நாட்களைத் தாண்டியும் போராட்டம் நடத்தினார்கள். நின்று தேய்ந்தவர்கள் வீதியில் உட்கார்ந்து கேட்டார்கள். 2018-இல் கேரள அரசு தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு மூன்றாண்டு கழித்து அவ்வழியில் வந்தது. கேரளம் போராடிப் பெற்றதை நாம் போராடாமல் பெற்றோம். ஒருவேளை அதனால்தான் அதைக் காப்பாற்றவும் தெரியாமல் இருக்கிறோம்.

சட்டம் இருக்கிறது, இனி அது தன் வேலையைப் பார்க்கும் என்று ஒதுங்குவார்க்கு ஒரு சொல். உட்காரத் துணிந்து வேலையை இழந்த பெண் தொழிலாளர் துறையிடம் முறையிடப் போவதில்லை; அடுத்த கடையில் வேலை தேடப் போகிறாள். அங்கும் நிற்பாள். கடை ஆய்வாளர் வரும் நாளில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடங்கிலிருந்து மேலே வருவதும், அவர் படியிறங்கியதும் அவை கீழே போவதும் எந்தக் கடைக்காரருக்கும் கடினமான காரியம் அன்று. இன்னும் சில இடங்களில் இருக்கை உண்டு; உட்காரத்தான் எவருக்கும் துணிவில்லை. சட்டம் நாற்காலியைப் போடச் சொல்ல முடியும். அதில் உட்கார்ந்தவளை முறைத்துப் பார்க்காதே என்று சொல்ல அதற்கு நாவில்லை. அந்த இடத்தில் பேச வேண்டியவர்கள் நாமே.

எப்படிப் பேசுவது என்பதிலும் கவனம் வேண்டும். இரக்கமுள்ள சிலர் மேசைக்கு அப்பால் நிற்பவளைப் பார்த்து, “கொஞ்சம் உட்காரும்மா” என்கிறார்கள். நல்ல மனத்தோடு சொல்வதுதான். ஆனால் அவள் சிரித்துக்கொண்டே “பரவாயில்லக்கா” என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்ப்பதைக் கவனித்தவர்கள், அந்தச் சொல் அவளுக்கு உதவவில்லை, அவளை இக்கட்டில் மாட்டிவிட்டது என்பதை அறிவார்கள். உட்காரும் அதிகாரம் அவளிடம் இருந்திருந்தால் நம் அனுமதிக்கு அவள் காத்திருக்க மாட்டாள். எனவே அன்புச் சொல்லை அவளிடம் சொல்லிவிட்டு நம் மனத்தை ஆற்றிக்கொள்வதைவிட, கல்லாவில் பணம் கட்டும்போது முதலாளியிடமோ மேலாளரிடமோ, “உங்கள் பணியாளர்களுக்கு இருக்கை போட்டிருக்கிறீர்களா? உட்கார்ந்தால் ஏதும் சொல்வீர்களா?” என்று கேட்பது மேல். எந்தப் பெண்ணின் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை. குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஒருவர் கேட்டால் சிரித்து மழுப்புவார்; ஒரே நாளில் பத்துப் பேர் கேட்டால் மாலைக்குள் முக்காலி வரும். வணிகர் எவரும் வாடிக்கையாளரின் வாயை அளந்து பார்க்கத் தவறுவதில்லை.

வணிகரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. இன்று பெருங்கடை நடத்துவோருள் பலர் நேற்று அதே மேசைக்கு அப்பால் நின்றவர்கள். அண்ணாச்சி கடையில் பொட்டலம் மடித்துத் தொழில் கற்றவர்கள். ‘நாங்கள் நிற்கவில்லையா?’ என்று அவர்கள் கேட்பதில் ஒரு வலியும் இருக்கிறது. தாம் பட்டதை அடுத்தவரும் பட வேண்டும் என்பது அவ்வலிக்கு மருந்தாகாது. இடம் போதாது என்கிறார்கள் சிலர். அடுக்குக்குக் கீழே மடித்து வைக்கும் இருக்கைக்கு ஒரு சாண் இடம் போதும். விளம்பரப் பதுமைக்கு இடம் இருக்கும் கடையில் மனிதர்க்கு இடமில்லை என்பது ஏற்கத்தக்க விடையன்று. தீபாவளிக் கூட்டத்தில் உட்கார ஏது நேரம் என்கிறார்கள். நேரம் இல்லாதபோது உட்காரச் சட்டமும் சொல்லவில்லை.

சொல்லப்போனால், பிறர் படும் அநீதியைத் தன் செய்தியாக எடுத்துக்கொள்ளும் பண்புக்குச் சென்னையில் முன்மாதிரி காட்டியவர்களே இரு வணிகர்கள்தாம். பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளுக்கு அருகே கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமாநுஜலு நாயுடுவும் ஆலைத் தொழிலாளர் அல்லர். ஆலையின் கூலி உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அவர்கள் கல்லாவுக்கு நேரடியாக எதுவும் வரப்போவதில்லை. கடைக்கு வந்த தொழிலாளர் தம் துயரங்களைச் சொல்லக் கேட்டார்கள். மதிய உணவுக்கு விடும் நேரம் உண்டு முடிக்கவும் போதவில்லை என்பது அவற்றுள் ஒன்று. கேட்டவர்கள் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குறையைத் தூக்கிக்கொண்டு அன்னி பெசன்ட் அம்மையாரின் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள், அங்கே அம்மையாரின் உடன்பணியாளர் பி.பி.வாடியாவைக் கண்டார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்நாளில் ‘தேசபக்தன்’ ஆசிரியராக இருந்த திரு.வி.க. அதன் தூண்களுள் ஒருவரானார். இந்தியத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் வாடியாவிலிருந்து தொடங்குவார்கள். நாமோ அந்தக் கடை வாசலிலிருந்து தொடங்குவோம். பொருள் வாங்க வந்தவன் முகத்தில் எழுதியிருந்த களைப்பை வாசித்த இரண்டு கடைக்காரர்களிலிருந்து தொடங்குவோம்.

அவ்வாறு வாசிக்கும் கண் இன்று எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்பதைப் பட்டியலிடத் தொடங்கினால் இவ்விதழ் போதாது. அடுக்ககத்தின் வாயிலில் இரவு முழுதும் விழித்திருக்கும் காவலாளிக்கு, கால் உடைந்து எவர் வீட்டிலும் வேண்டாமற்போன நாற்காலியே தரப்படுகிறது. அவரை அதில் இருக்கக் கண்டாலே ‘தூங்குகிறான்’ என்று சங்கச் செயலாளரிடம் முறையிடுவோர் படித்தவர்கள். வீட்டுவேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனிக் குவளை வைத்திருப்பவர்கள் அதைத் தூய்மை என்கிறார்கள். வேறு பெயர் ஒன்று உண்டென்பது அவர்களுக்கும் தெரியும். வீடுதோறும் உணவும் பொருளும் கொண்டு சேர்க்கும் ஊழியர்க்காகச் சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் குளிரூட்டிய ஓய்வறை ஒன்றைத் திறந்தது. பாராட்டுக்குரிய செயல். வெயிலில் நிற்பவருக்கு நிழல் தருவது அரசு செய்யக்கூடாத ஆடம்பரம் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

அரசுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. 22-ஏ பிரிவின்படி இருக்கை உரிமை உண்டு என்னும் அறிவிப்பைத் தமிழில் பெரிய எழுத்தில், முறையிட வேண்டிய தொலைபேசி எண்ணோடு, பணியாளர் கண்ணிலும் வாடிக்கையாளர் கண்ணிலும் படும்படி ஒவ்வொரு கடையிலும் வைக்கச் செய்ய வேண்டும். கடை ஆய்வாளர்கள் நாற்காலிகளை எண்ணுவதோடு நில்லாமல், பணியாளர்களைத் தனியே கண்டு, உட்கார விடுகிறார்களா என்று கேட்டறிய வேண்டும். சொன்னவரின் வேலைக்கு ஊறு நேராமல் காப்பதும் அவர்கள் பொறுப்பு. வணிகர் சங்கங்களும் இதில் முந்திக்கொள்ளலாம். பேரமைப்புகளாகத் திரண்டு வரியைப் பற்றியும் இணைய வணிகத்தைப் பற்றியும் அரசிடம் நியாயம் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, தம்மிடம் நியாயம் கேட்கத் திரளாதவர்களின் நிலை விளங்காமலிராது.

வாசகர்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே. அடுத்த முறை குடும்பத்தோடு துணியெடுக்கப் போகும்போது, விலையைக் கேட்கும் அதே வாயால் இருக்கையையும் கேளுங்கள். மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் பெண் நீங்கள் வந்ததும் பதறி எழுந்தால், அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் போகும் கடையில் பணியாளர்க்கு இருக்கை இல்லையென்றால் மேலாளரிடம் சொல்லுங்கள்; சொல்லியும் பயனில்லையென்றால் தொழிலாளர் துறைக்கு எழுதுங்கள்; அதற்கும் அசையாத கடையில் அடுத்த பண்டிகைக்குத் துணி எடுக்காதீர்கள்.